பாம்புப் பெட்டியின் பூட்டு

அன்பு மகன் ஒபியோராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எபெரேயும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதுவும் உன் பேச்சை எடுத்தால் கொஞ்சம் எழுந்து நடக்கிறது. நீயும் சுகமாக இருக்கக் கடவுள் துணை இருக்கட்டும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கப் படிக்க உனக்குப் படபடப்பு வரும். உன் தங்கை எபெரேயின் கல்யாணம் நிற்கவில்லை. ஈஸ்டர் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை நடக்கிறது. நின்றுபோக இருந்தது, அதுவும் உன்னால். போனில் சொன்னால் நீ ஊம் ஊம் என்பாய், பாதியில் லைன் போகும், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன்னோடு தங்கியிருந்த ஜெர்மன்காரப் பையன் விட்டுவிட்டுப் போன மலைப்பாம்புக்கு நீயே பெட்டி கட்டி, எபெரேவுக்கு வீடியோ அனுப்பினாய் அல்லவா, பழைய துணி அலமாரியைப் படுக்கவைத்து, முன்னால் கண்ணாடிக் கதவும் உள்ளே சூட்டு விளக்கும் போட்டு. அதை நான் பத்துத் தடவை பார்த்தேன். தச்சன் பிள்ளை கணக்குப் படிக்கக் கடல் தாண்டிப் போனாலும் கை மறக்கவில்லை என்று பட்டறையில் ஒருவர் விடாமல் காட்டினேன். பலகைகள் சேரும் மூலைப் பொருத்து சுமார்தான், அதைப் பிறகு பேசுவோம். எபெரேயும் பெருமை தாங்காமல் மாப்பிள்ளை எலோகாவின் அக்காமாருக்குக் காட்டிவிட்டாள். அங்கேதான் வினை. எலோகாவின் ஊர் இடெமிலி ஆற்றங்கரை. நமக்குப் பாம்பு என்றால் பாம்பு, அவர்களுக்கு மலைப்பாம்பு தாய். வீட்டுக்குள் நுழைந்தால் அடிக்க மாட்டார்கள், அம்மா வா, வழி இந்தப் பக்கம் என்று ஏந்திக்கொண்டு போய்ப் புதரில் விடுவார்கள். தெரியாமல் வண்டி ஏறிச் செத்துப்போனால் மனிதருக்குப் போல அடக்கம். ஒரு தடவை அப்படி ஒன்றுக்கு நானே சவப்பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன், அப்படியும் என் மரமண்டைக்கு இது உறைக்கவில்லை.

போன ஞாயிறு ஜெபம் முடிந்து வந்து உட்கார்ந்தோம், எலோகாவின் அப்பா மடுக்கா தன் மனைவியோடும் தம்பியோடும் வந்து நின்றார். விருந்தாளிக்கு முதலில் கொடுக்கும் கோலாக்கொட்டைத் தட்டை நீட்டினேன், தொடவில்லை. வந்த வீட்டில் கோலாவைத் தொடாமல் இருந்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல்ல அந்தப் படத்தைப் போடுங்க என்றார். போட்டேன். கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டின்மேல் விரலை வைத்து, எங்க அம்மாவத் திருடன் மாதிரி பூட்டி வெச்சிருக்கான் உங்க புள்ள, இந்த வீட்டுப் பொண்ண நாங்க எப்படிங்க கூட்டிட்டுப் போறது என்றார். அடுக்களையில் எபெரேயின் உலக்கைச் சத்தம் நின்றுபோனது. பூட்டு அங்கே வீட்டுச் சொந்தக்காரர் போடச் சொன்னது, கீழ்வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். உங்க வீட்டுக் கதவுல பூட்டு இல்லையா என்றும் கேட்டேன். இருக்கு, சாவி என் இடுப்புல இருக்கு, எங்க அம்மாவோட சாவி யார் இடுப்புல இருக்கு என்று திருப்பிக் கேட்டார். மடக்கினால் எனக்குக் கோபம்தான் வரும், தெரியுமே, வெறும் பாம்புக்கா இவ்வளவு என்று வாயைத் திறந்தேன், உன் அம்மா என் கால்விரலை நன்றாக மிதித்தாள். அந்த மிதிக்கு அவளுக்கு ஒரு புதுச் சுற்றுத்துணி எடுத்துத் தர வேண்டும்.

எலோகாவின் அம்மா போனைக் கேட்டு வாங்கினார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். பிறகு, இந்தப் புள்ள ஏன் வீட்டுக்குள்ள கோட்டு போட்டிருக்கான், தொப்பி வேற என்றார். எங்களில் ஒருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. எபெரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் சொல்லாதேன்னு சொன்னான், ரெண்டுக்கும் சேத்துக் கரண்டு பில் கட்ட முடியாதாம், பெட்டிக்கு மட்டும் சூடு வெச்சிட்டு ரூம் ஹீட்டர அணைச்சிட்டான், பாம்பு குளிர்ல செத்துருமாம் என்று அழுதுகொண்டே சொன்னாள். எலோகாவின் அம்மா புருஷன் பக்கம் திரும்பி, பூட்டையே பாத்துட்டு இருக்கீங்களே, அவளுக்குச் சூட்டக் குடுத்துட்டு அந்தப் புள்ள விறைச்சுக் கெடக்கான், நம்ம ஊர்ல எவன் இதச் செஞ்சிருக்கான் சொல்லுங்க என்றார். மடுக்கா மறுபடி ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டுக் கோலாவைக் கையில் எடுத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உன் அம்மா கசப்புக்கீரைச் சாற்றுக்கு உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள், ஒருவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அவர்கள் கேட்டது மூன்றுதான். பூட்டு கண்ணில் படக் கூடாது, அவள் உடம்பை நீட்டிப் படுக்க இடம் வேண்டும், என்றைக்காவது செத்தால் குப்பையில் போடாமல் வெள்ளைத் துணி சுற்றிப் புதைத்துவிட்டு அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். சரி என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறேன். அதே உயரத்தில் இன்னொரு பழைய அலமாரி தேடிப்பிடி, இரண்டும் ஒட்டுகிற பக்கத்துப் பலகைகளை அறுத்து எடுத்துவிட்டு ஒன்றோடொன்று சேர்த்துத் திருகு போட்டு முடுக்கு, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடு, இல்லாவிட்டால் மேல்பலகை தொய்யும். உள்மூட்டெல்லாம் சிலிகான் பசை இழு, தண்ணீர்த் தொட்டி ஈரத்தில் பலகை உப்பிவிடும், வாடை அடங்கும்வரை அவளை உள்ளே விடாதே. விளக்கைச் சுற்றிக் கம்பிவலை கட்டு, சுற்றிக்கொண்டு படுத்தால் வெந்துபோவாள். பூட்டைக் கண்ணாடிக்குக் கீழே சட்டத்துக்குள் மறைகிற மாதிரி வரைந்திருக்கிறேன், ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்துவிட்டு அறு. நானும் அவள் அவள் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

பத்துத் தடவை பார்த்தேன் என்றேன் அல்லவா. பத்துத் தடவையும் மூலைப் பொருத்தைத்தான் பார்த்தேன். என் பிள்ளை குளிரில் நடுங்குகிறான் என்று இன்னும் சம்பந்தியாகாத ஒரு அம்மாள் எனக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது ஒபியோரா. இனி உன் அறை ஹீட்டரை அணைக்காதே. கஷ்டம் என்றால் தங்கையிடம் ரகசியம் பேசாமல் என்னிடம் சொல், பட்டறை நன்றாகத்தான் ஓடுகிறது.

உன் கை தொட்டதெல்லாம் நிலைக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் வாய்க்கட்டும். அம்மா காய்ந்த மீன் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அது உனக்கு, பெட்டியில் இருப்பவளுக்கு இல்லை. புதுப் பெட்டி முடிந்ததும் படம் அனுப்ப மறக்காதே, பெட்டியை மட்டும் எடுக்காமல் கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நீயும் நில். இந்தத் தடவை உன்னைத்தான் பார்ப்பேன்.

உன் அப்பா,
நுவோகெடி