பெட்டி இல்லாத பாட்டு

மரைன் ஹில்,
3-8-1968

அன்புள்ள மங்கைக்கு,

நீ வகுப்பில் வாசித்துவந்த ஆர்மோனியப் பெட்டியோடு இந்தத் தீவிலிருந்து கப்பலேறியதும் என் பாட்டு வகுப்பு முடிந்தது என்றார்கள். முடியவில்லை. ஒரே பாட்டை நான்கு குரலுக்குப் பிரித்து எழுதினேன். தோணிக்கு அடிப்பலகை போல ஒரு வரிசைப் பிள்ளைகள் கீழே சுருதி தாங்குவார்கள். மற்றவர்கள் அதன்மேல் ஏறிப் பாடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி என்னை விடவில்லை.

நேற்று ஆண்டுவிழாவில் பிள்ளைகள் பெட்டி இல்லாமலே பாடி முடித்ததும், கடைக்கார நாகூர் கனி மேடைத் திரையை விலக்கித் தேடினார்.

"வாத்தியாரே, பெட்டிய எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"மெயின்லேண்டுல இருக்கு, பாய்."

எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று கப்பல்துறை ஜெட்டியில் பெட்டியை விட்டுப் போ என்றுதான் கேட்டேன். உன்னை இரு என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது.

அடுத்த கப்பலில் வா. பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

உன் வாத்தியார்