ஹாரிகாவின் பூச்சி

ஜூன் 11, செவ்வாய்
ஹாரிகா எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு புது இனம்! மேஃப்ளை, ஓடையில் பிறந்து வளரும் சின்னப் பூச்சி. அதுவும் தொண்டாமுத்தூருக்கு மேலே, நான் நாலு வருடமாக முழங்கால் நனைய நடந்த ஓடையில். போகட்டும் என்று ஒரே ஒரு நாள் கூட்டிப் போனேன். அம்மணி ஒரு கல்லைப் புரட்டினாள், கிடைத்துவிட்டது. ஆய்வகத் தலைவர் கோவிந்தராஜுலு சார் என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா கயலு, நம்ம ஓடையிலதான் இருந்திருக்குது" என்கிறார். நம்ம ஓடையாம்.

ஜூன் 12
அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஜூன் 17
பேப்பர் அனுப்பும் முன் சரிபார்க்கும் வேலையைச் சார் என்னிடமே கொடுத்தார். அவள் சொல்லும் அடையாளம் இதுதான்: தண்ணீரில் வாழும் இளம்பூச்சிக்கு வயிற்றோரத்தில் இருக்கும் செவுள்களில் கடைசி ஜோடி இதற்கு இல்லை.

அட, செவுள் தொட்டாலே உதிருமே! மெல்லிய தூரிகையால் எடுக்க வேண்டியதை இடுக்கியால் கிள்ளி எடுத்தாள், நானே பார்த்தேன். உதிர்ந்திருந்தால் தழும்பு இருக்கும். கணபதியில் இருக்கும் என் ரூமுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 18
தழும்பு இருக்கிறது. பிறவியில் இல்லாத செவுள் இல்லை, இவள் உதிர்த்த செவுள். துள்ளிக் குதிக்காத குறை.

ஆனால் — கால் நகம். இந்த வகையில் எல்லாவற்றுக்கும் நகத்தின் உட்பக்கம் ஒரே வரிசைப் பற்கள். இதற்கு இரண்டு வரிசை. அவள் பிடித்த எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டு.

புது இனமேதான். அவளுக்குத் தெரியாது. "செவுள் உடைஞ்சது" என்று மட்டும் சொன்னால் போதும், அவள் விட்டுவிடுவாள். அடுத்த மாதம் நானே போய்ப் பிடித்து என் பெயரில் எழுதலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இதையெல்லாம் யோசிக்கிறேனே, நான் என்ன ஆள்?

ஜூன் 19
சார் முன்னாலேயே சொன்னேன், செவுள் உடைந்தது என்று. அவள் முகம் செத்துப்போனது. "அப்ப இது புதுசில்லீங்களா அக்கா?"

அவளைப் பார்த்துக்கொண்டே டீயை மெதுவாகக் குடித்து முடித்தேன். நன்றாக இருந்தது. பிறகு நகத்தைக் காட்டினேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதைப் பார்த்தது நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 21
மதியம் வந்தாள். "ஏனுங்கக்கா, பேப்பர்ல உங்க பேரையும் போட்டுக்கறனுங்க. எம்பேருக்கு அடுத்து." அவளுக்கு அடுத்தா? நான்? "வேண்டாம் அம்மணி, நீயே எழுதிக்க" என்று சிரித்துவைத்தேன்.

நவம்பர் 8
அச்சுக்குப் போகும் பக்கத்தை அனுப்பியிருக்கிறாள். பூச்சிக்கு என் பெயர்! எழுதுகிறவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. நான்தான் எழுதவில்லையே, வைத்துவிட்டாள். அதிலும் ஒரு கூத்து: இனப்பெயர் லத்தீனில் இருக்க வேண்டும், அதில் ஆணுக்கு ஓர் ஈறு, பெண்ணுக்கு ஓர் ஈறு. என்னை ஆணாக்கியிருக்கிறாள்.

போன் போட்டேன். "பொம்பளைக்கு வேற ஈறு வரோணும், மாத்து."

"அய்யோ, மாத்திப்போடறனுங்கக்கா. வேற ஒண்ணுமில்லீங்களே?"

ஒன்றுமில்லை என்றேன். இனி எந்த நாட்டுப் புத்தகத்திலும் இந்தப் பூச்சிக்கு முதலில் என் பெயரை எழுதி, பக்கத்திலேயே இனத்தை விவரித்தவர் என்று அவள் பெயரை எழுதுவார்கள். அதுதான் முறை. அவளுக்கு அடுத்து வர மாட்டேன் என்றேன். இப்போது அவளுக்கு முன்னால்தான் நிற்கிறேன், அவளுடைய பூச்சியாக.