ஒரு மணி நெல்கூட அறுக்காத வயல்

கிள்ளை
22.2.2009

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். வெள்ள நிவாரணம் வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது, நமக்கு வரவில்லை. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கார்த்திகை மழையில் நம் குத்தகை வயலில் ஒன்பது நாள் தண்ணீர் நின்று, கதிர் வர இருந்த பயிர் அழுகியது உனக்குத் தெரியும். வி.ஏ.ஓ.விடம் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "பெரியவரே, நட்டது நீங்க, அழுவுனது உங்க பயிரு, எல்லாம் சரி. பட்டா யார் பேருல இருக்குதோ அவுங்களுக்குத்தான் பணம்" என்றார். இல்லை என்பதை இத்தனை மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நிலத்துக்காரர் திருநாவுக்கரசு சென்னையிலிருந்து காரில் வந்தார். கணக்கெடுக்க வந்தவர்கள் வயலைக் காட்டச் சொன்னதும், நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மேட்டில் பச்சையாக நின்ற சடையப்பன் வயலைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது, அதுவும் ஒரு நியாயம்தான். மனசு கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நின்று, "சார், இதுதான் உங்க வயலு" என்றேன். ரொம்ப நன்றி என்றார். ஒரு மணி நெல்கூட அறுக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

தை மாசம் அவருக்குச் செக் வந்தது. பத்து நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. இந்த வருசக் குத்தகை பதினாறு மூட்டை எப்போது வரும், இப்போது முடியாவிட்டால் பாக்கியாக நிற்கட்டும் என்றார். நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா சரி என்று சொல்லவில்லை. போன வாரம் அவர் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். அம்மா மண்டபத்துக்கே போய், அவர் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், "ஒரு மணி அறுக்கலன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப பதினாறு மூட்ட நாங்க அளந்தா அந்த எழுத்து பொய்யாப் பூடும். உங்களுக்கு அந்தக் கெட்ட பேர வாங்கிக் குடுக்க எங்களுக்கு மனசு வரலீங்க" என்றிருக்கிறாள். சுற்றிலும் அவருடைய சம்பந்திகள் ஈரக்கையோடு நிற்கிறார்கள். "சரி, இந்த வருசம் வேணாம் வுடு" என்றாராம். அம்மா விடவில்லை. மொய் எழுதுகிறவரிடம் ஒரு தாள் வாங்கி அதையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள்.

"என் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் சாமிக்கண்ணுவுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறார். இருபத்திரண்டு வருசமாக நான் அங்கே உழுகிறேன் என்று சொல்ல இதுவரை ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. வி.ஏ.ஓ.விடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "பத்திரமா வையுங்க பெரியவரே, அடுத்த வெள்ளத்துக்கு ஒதவும்" என்றார்.

நீ எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துப் போடு. பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ப. சாமிக்கண்ணு