கொட்டகையில் ஆடிய படம்

செப்டம்பர் 9
டெர்வ்லா கால்நடை மருத்துவத்தில் தேறிவிட்டாள். ஈஃபாவுக்கு மாகாண ஃபிடில் போட்டியில் முதல் பரிசு. ஓஷீன் நியூசிலாந்தில் பெரிய பெரிய மந்தைகளைக் கறந்துவிட்டு வந்து, அப்பனோடு நின்று புது மாட்டுக் கொட்டகையையே எழுப்பிவிட்டான். மூன்றும் என் மகன் டோனல் பெற்றவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இதுகளுக்குப் பாட்டி என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். மூக்கு என் மூக்கு.

நாளை கொட்டகையில் ஆட்டம். புதுத் தரையை மாடு மிதிக்குமுன் ஊர் மிதிக்கவேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம்.

செப்டம்பர் 11
ஆடினேன். முழங்கால் வலியா? அது யாருக்கு?

செப்டம்பர் 27
ஆடிட்டர் லிஹேன் வந்தார். கொட்டகை கட்டிய செலவை ஏழு வருஷமாகப் பிரித்து வரியில் கழித்துக்கொள்ளலாமாம். அது கிடைத்தால் ஓஷீனுக்கும் சம்பளம் கொடுத்து இங்கேயே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மறுபடி நியூசிலாந்து. அங்கே நவம்பர்வரை அவன் வேலையைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

முடிந்த கட்டடத்தின் படம் ஒன்றும் வரி ஆபீஸுக்கு வேண்டுமாம். “அம்மா, நல்லதா ஒண்ணு பாத்து உறையில போடு” என்றான் டோனல். நல்லதாகத்தான் போட்டேன். டெர்வ்லா வேறு எந்தப் படத்திலும் அவ்வளவு அழகாக விழவில்லை.

அக்டோபர் 12
ஐயோ, ஐயோ. நான் போட்டது ஆட்டப் படம்! வண்ண விளக்கு, வாத்தியக்காரர்கள், தீவனத் தொட்டி நிறைய பீர் பாட்டில்.

லிஹேன் போனில்: “பெக் அம்மா, இது மாட்டுக் கொட்டகையா, டான்ஸ் ஹாலான்னு வரி ஆபீஸ்ல கேக்குறாங்க. செவ்வாய்க்கிழமை ஆள் வருது.”

“படத்துல ஒரு மாடுகூட இல்லையேம்மா!” — டோனல்.
“பக்கத்து வீட்டு பாட்ஸி இருக்காரேப்பா” — ஓஷீன்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பேத்தி அழகைப் பார்த்து, பேரனை என் கையாலேயே ப்ளேன் ஏத்திவிட்டுட்டேனா?

அக்டோபர் 17
நல்ல வெயில். வயலில் புல் தளதளவென்று நிற்கிறது. நவம்பர் ஈரம் வருமுன் எவனும் மாட்டை உள்ளே அடைக்கமாட்டான். நாங்கள் நாளை அடைக்கப்போகிறோம், வரி ஆபீஸ் ஆள் பார்க்க.

“இந்த வெயில்ல அடைச்சா ஊரே சிரிக்கும்” என்றான் டோனல்.
“சிரிக்கட்டும்டா. சிரிப்புக்கு வரி இல்ல.”

அக்டோபர் 18
காலையில் அடைத்தோம். ஒவ்வொரு மாடும் மாதாகோயில் மணி மாதிரிக் கத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் பாட்ஸி: “என்னடா டோனல், மாட்டுக்கு வெயில் பட்டா கறுத்துருமா?”

வரி ஆபீஸிலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண், ஃபினுகேன் என்று பெயர். யானைத்தந்த நிறத்தில் கோட்டு. உள்ளே வந்ததும் முகம் சுருங்கியது. “ஏம்மா, இதுங்க எப்பவும் இங்கதான் இருக்குமா?”

டோனல் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். “இல்லம்மா. நவம்பர்லதான் உள்ள வரும். இன்னிக்கு உனக்காக அடைச்சோம். படத்த மாத்திப் போட்டது நான். அந்த நீலச் சட்டைக்காரி என் பேத்தி.”

டோனல் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் சிரித்துவிட்டாள். “எங்க அப்பாவும் மாடு வச்சிருக்காரு பாட்டி. அக்டோபர் வெயில்ல மாட்டை உள்ள பாத்ததும்தான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.” குனிந்து, சாணி கீழே விழத் தரையில் விட்டிருந்த சந்துகள் வழியே பார்த்தாள். “டான்ஸ் ஹாலுக்கு அடியில சாணிக் குழி யாரு கட்டுவா? பாவம், அவுத்து விடுங்க.”

திறந்தோம். கிழட்டுப் பசுக்கள்கூட வாலைத் தூக்கிக்கொண்டு கன்றுபோல் ஓடின. ஒன்று போகிற போக்கில் அந்தக் கோட்டுக்குத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனது. அதற்கும் அவள் சிரித்தாள். தங்கமான பிள்ளை. கல்யாணம் ஆகவில்லையாம். ஓஷீன் வாளி, துணி எல்லாம் கொண்டுவந்து கோட்டைத் துடைத்துவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நான் டீ போடப் போய்விட்டேன்.

நவம்பர் 9
மழை. மாடுகள் உள்ளே.

நவம்பர் 16
கழித்துக்கொள்ளலாமாம்! முழுவதும்! லிஹேன் சொல்லி முடிக்குமுன் போனை ஓஷீன் பிடுங்கி நியூசிலாந்துக்குப் போட்டான். “என் கட்டிலை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.” அங்கே தூங்குகிற நேரமாம். எனக்கென்ன.

டெர்வ்லாவுக்கு எழுதவேண்டும்: கண்ணு, ஞாயிற்றுக்கிழமை வந்து உன் அண்ணனைப் புதுசாக ஒரு படம் எடு, கொட்டகையில், மாடுகளுக்கு நடுவே. போனில் காட்டி ஏமாற்றாதே. காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. சுவரில் மாட்டியிருந்த அவனுடைய நியூசிலாந்துப் படத்தை இறக்கிவிட்டேன். ஆணி சும்மா இருக்கிறது.