தொடாத பூட்டு

என் சாவிக்கொத்தே,

உங்களை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. என் வாய்க்கு மட்டும் பூட்டுச் செய்ய முடியவில்லை என்பீர்களே, அது நிஜம்தான். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்துவிட்டேன். என் ஆபரேஷனுக்குப் பணமில்லாதபோது, ஆளில்லாத நகைக்கடைக்காரர் வீட்டு வாசலில் நீங்கள் கம்பியோடு நின்றதையும், பூட்டைத் தொடாமலே திரும்பி வந்து என் மடியில் அழுததையும், ஆண்டவரைப் போலவே சோதனையை ஜெயித்தார் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாளே நீங்கள் பூட்டுப் போட்டுக் கொடுத்த நாலு வீட்டிலும் பூட்டை மாற்றிவிட்டார்கள். காணிக்கைப் பெட்டிப் பூட்டையும் கழற்றி என் கையிலேயே கொடுத்தார் பாஸ்டர்.

"வாசல் வரைக்கும் போனதே பாவம்தாம்மா. நம்ம ஆண்டவரால பாவம் செய்யவே முடியாது."

எனக்குச் சுருக்கென்றது.

"முடியாதுன்னா பிசாசு எதுக்குய்யா வேலை மெனக்கெட்டு அவரைச் சோதிக்க வனாந்தரத்துக்கு வந்தான்? நாப்பது நாள் பசியில கல்லைப் பார்த்தப்ப அவருக்கும் அப்பம் ஞாபகம் வந்திருக்காதா?"

"எதுத்துப் பேசாதம்மா."

"பூட்டுத் திறக்கத் தெரியாதவன் திருடாம இருந்தா என்ன பெரிசு? எங்க வீட்டுக்காரர் நினைச்சிருந்தா இந்தத் தெருவையே திறந்திருப்பாரு. திறக்கலையே!"

நான் மூன்றாவது வரைதான் படித்தேன். ஆனாலும் இதில் ஓர் அடி பின்வாங்க மாட்டேன். அந்தப் பூட்டை நம் வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறேன், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும். வருகிற ஞாயிறும் முன்வரிசையில்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உங்களால் பூட்ட முடியாத வாய்க்காரி

ஒன்றை மட்டும் கேட்காமலே விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?