நூல் இல்லாத பாபின்

அன்பு வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், அப்பாவின் முழங்காலைத் தவிர்த்து, சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் போனதா என்று நினைத்து மனசு அடித்துக்கொள்கிறது. கடிதம் தபாலில் வராமல் கையில் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். இது பாதியில் வைக்கிற சமாச்சாரம் இல்லை.

நீ அனுப்பிய கதைகளையெல்லாம் படித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றால் "அம்மா அப்படித்தான் சொல்லுவ" என்பாய், அதனால் குறையைச் சொல்கிறேன். உன் கதையில் கத்தி எடுக்கிறவர்கள் எல்லாம் ரொம்ப அழகாகப் பேசுகிறார்கள். காதலிக்கிறவர்கள் எல்லாம் மழையில் நனைகிறார்கள், ஒருவருக்காவது ஜலதோஷம் பிடிக்க வேண்டாமா? நாற்பது தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி வந்தால் வாசலில் நின்று அழுவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. ஏன்டி, எங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? அப்பாவிடம் கேட்டேன், "நீ வாசல்ல நின்னு அழுது நான் பார்த்ததே இல்லையே, உள்ள நின்னு திட்டித்தான் பார்த்திருக்கேன்" என்றார்.

ஒன்று மட்டும் நிஜம், உன் கதைகளைப் படித்ததிலிருந்து என் பார்வை கெட்டுவிட்டது. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், குடை வரும், டிபன் பாக்ஸ் வரும், ஒருமுறை பல்செட்டே வந்தது, யாரையும் சந்தேகப்பட்டதில்லை. ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்பதுதான் என் அதிகபட்ச ஆராய்ச்சி. இப்போது கவுன்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் உன் கதையிலிருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கிறார்கள். அப்படித்தான் அவனும் கண்ணில் பட்டான். புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் வருவான், கையெல்லாம் கிரீஸ், இடது புருவத்தில் தையல் போட்ட தழும்பு. கண்ணாடி அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான், எதையும் தன்னுடையது என்று கேட்கமாட்டான், போய்விடுவான். என்ன தொலைச்சீங்க தம்பி என்றால் "சும்மாதான் மேடம்" என்பான். எங்கள் செக்யூரிட்டி மீசைக்காரர், "நோட்டம் விடுறான் மேடம், திருட்டு நகையை ஒருத்தன் இங்க கொண்டாந்து போடுவான், இவன் தன்னோடதுன்னு வாங்கிட்டுப் போவான், இதைவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு, சொல்லுங்க" என்றார். உன் கதை ஒன்றில் வருவதும் இதே மாதிரிதானே! எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பாவிடம் சொன்னால் "ஒண்ணு போலீஸ்ல சொல்லு, இல்ல உன் பொண்ணுகிட்ட சொல்லு, ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாக்குறாங்க" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

அவன் கண் எங்கே போகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். கீழ்த்தட்டு மூலை, அவ்வளவுதான், மற்றதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அங்கே நான் வைப்பது எல்லாம் பொடிச்சாமான், சீப்பு, சாவி, பட்டன். அதோடு தையல் மெஷினில் போடுகிற இத்தனூண்டு பாபின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல். துணி தைக்கிற தொழிற்சாலை வழியாக வரும் பஸ்ஸில் கடைசி சீட்டு இடுக்கில் கிடந்தது என்று நம் பாட்டுக்காரக் கண்டக்டர், அதுதான், ஸ்டாப் பெயரையே ராகம் போட்டுச் சொல்வாரே அவர், வாரம் ஒன்று கொண்டுவந்து கொடுப்பார். ஒரு புதன்கிழமை அன்றைக்கு வந்த பாபினை மேல் தட்டில் தூக்கி வைத்தேன், என்னதான் செய்கிறான் பார்ப்போமே என்று. வந்தான், கீழே பார்த்தான், முகம் செத்துவிட்டது. கண் அலமாரி முழுக்க அலைந்தது, மேலே மஞ்சள் நூலைக் கண்டதும் அப்படி ஒரு மூச்சு விட்டான். எழுந்து போய், யாருப்பா அந்தப் பொண்ணு என்று கேட்டேவிட்டேன்.

தொழிற்சாலையில் தைக்கிறவளாம், இருபத்து நான்கு வயது. இவன் மெக்கானிக் என்பதால் அவள் அண்ணனுக்கு ஆகவில்லை, போனைப் பிடுங்கிக்கொண்டு, வேலைக்குக் கொண்டுவிடுவதும் கூட்டிப்போவதும் அவனே, பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்து. புருவத்துத் தையலும் அவன் கைங்கர்யம்தான். முன்பு அவள் தொலைத்த குடையை வாங்க இரண்டு பேரும் இங்கே வந்திருக்கிறார்கள், நாம் எதையும் குப்பையில் போடுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்களாம். அவள் சீட்டு இடுக்கில் விட்டுப்போகிற பாபின் நூலோடு வந்தால் மனசு மாறவில்லை, வெறும் பாபின் வந்தால் என்னை மறந்துவிடு, இதுதான் பேச்சு. "வெளியூர்ல நல்ல வேலைக்குக் கூப்பிடுறாங்க மேடம், நூல் வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் நான் இங்கிருந்து நகரமாட்டேன்" என்றான். அன்றிலிருந்து எனக்கு அவன் ஸ்பேனர் தம்பி.

போன மாதம் ஒரு புதன்கிழமை வெறும் பாபின் வந்தது. கண்டக்டர் வைத்துவிட்டுப் போன பிறகுதான் பார்த்தேன். என் கைப்பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும், உனக்குத் தெரியும். நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நூலை எடுத்தேவிட்டேன். அப்புறம் நினைத்தேன், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு இருப்பது இந்த ஒரு வழிதான், அதை மாற்ற நான் யார்? நூலைத் திரும்பக் கைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அவன் வந்தான், பார்த்தான், "சரி மேடம்" என்றான். உன் கதையாக இருந்தால் கண்ணாடியை உடைத்திருப்பான், இவன் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாபினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் ஓட்டையில் பச்சை நூல் ஒரு துணுக்கு, பல்லால் கடித்த மாதிரி நைந்து போய் இருந்தது. தைக்கிறவள் கைக்கருகில் கத்தரிக்கோல் இருக்குமே, எதற்குக் கடிக்கிறாள்? கண்டக்டர் அடுத்த நடை வந்ததும் கேட்டேன். "அதுவா, பை பிஞ்சு சில்லறையெல்லாம் கொட்டுச்சு மேடம், நூல் இருந்துச்சா, உருவித் தெச்சுக்கிட்டேன், பாபினைக் கொடுத்துட்டேன்ல" என்று பெருமையாகப் பையைத் தூக்கிக் காட்டினார். அடியில் கோணல்மாணலாகப் பச்சைத் தையல். நான் போட்ட சத்தத்தில் மீசைக்காரர் லத்தியோடு ஓடிவந்தார்.

தம்பியின் ஒர்க் ஷாப் பின் தெருவில்தான். மூன்று பேரும் ஓடினோம், தெருவே ஒதுங்கி வழிவிட்டது, என்ன கொலையோ என்று. தம்பி தன் சாமான்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கண்டக்டருக்கு ராகம் எல்லாம் போய்விட்டது, "நூல் வந்துச்சுப்பா, பாவி நான்தான் உருவிட்டேன்" என்று பையை நீட்டினார். அவன் அந்தத் தையல் மேலேயே விரலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓட்டினான். சிரித்தான், பிறகு ஒரு டயர் மேல் உட்கார்ந்து பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மீசைக்காரர் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார், கிரீஸ் வாசனை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இனி பாபினை நம்பிப் பயனில்லை என்று நானே தொழிற்சாலை வாசலுக்குப் போனேன், அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, எல்லாப் பாபினையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு. உங்கள் ஆள் தொலைத்த பொருள், நேரில்தான் கொடுக்க வேண்டும் என்றேன், கூப்பிட்டுவிட்டார்கள். உனக்கு என்னம்மா வேணும், அவன் சொல்றதை விடு, நீ சொல்லு என்று கேட்டேன். "பயமா இருக்கு மேடம், ஆனா வரேன்" என்றாள். வயசுச் சான்றிதழை டிபன் பைக்குள் வைத்துத் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறாள், பார். கையோடு கூட்டிவந்துவிட்டேன். சாயந்திரம் அவள் அண்ணன் என் கவுன்டரில் வந்து குதித்தபோது அவள் குடை ரேக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மீசைக்காரர் அசையவே இல்லை, "இங்க தொலைஞ்ச பொருள்தான் சார் கிடைக்கும், அதுவும் உங்களோடதா இருந்தாத்தான்" என்றார். மறுநாள் சொந்த விருப்பத்தில்தான் போகிறேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ராத்திரி நம் வீட்டில் உன் கட்டிலில்தான் படுத்தாள். உன் நீலச் சட்டையைக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்பேனர் தம்பியை வேலைக்குக் கூப்பிட்டது உன் ஊரில்தான். இப்போது கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பார். இடது புருவத்தில் தழும்போடு ஒருவனும் உன் சட்டையில் ஒருத்தியும் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள் என்றால் உனக்கு என் கையால் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு உட்கார வை, தண்ணீர் கொடு. கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளும் வரை அவள் உன்னோடு இருக்கட்டும், சாட்சிக் கையெழுத்தை நீ போடு. கேள்வி கேட்டுக் குடையாதே, அது கஷ்டம்தான், என் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே. கதையாக எழுதுவதானால் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுது. கண்டக்டருக்குப் புதுப் பை கொடுத்தும் வாங்கமாட்டேன் என்கிறார், அதை மட்டும் விட்டுவிடாதே.

மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். இருமலுக்கு டாக்டரைப் பார்.

இப்படிக்கு,
வாசலில் நின்று அழாத
உன் அம்மா