நான் கொண்டுவராத கண்ணாடி

டீச்சர்,

நேற்று எங்கள் கண்ணாடிக் கடையில் மூன்றாவது டிராயரைக் காலி செய்யச் சொன்னார் முதலாளி பாய். புதிதாக அலமாரி வரப்போகிறதாம், பழைய மர மேஜை போகிறது. மூக்குக்கண்ணாடி செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போனவர்களின் பெட்டிகள் எல்லாம் அந்த டிராயரில்தான் கிடக்கும். ஊரைவிட்டுப் போனவர்கள், மறந்தவர்கள், வேறு கடையில் வாங்கிக்கொண்டவர்கள். ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்தேன். அடியில் அந்த அரக்கு நிறப் பெட்டி, மூடியில் என் கையெழுத்தில் உங்கள் பெயர்.

"ஃப்ரேமெல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு. லென்ஸக் கழட்டிட்டு யாருக்காச்சும் போட்டுக் குடுத்துடலாம்" என்றார் பாய். உங்கள் பெட்டியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். அடுத்த பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நாம் இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே தட்டிக்கு இரண்டு பக்கம் நின்று பாடம் நடத்தினோம். உங்கள் பக்கம் ஒன்றாம் வகுப்பு, என் பக்கம் இரண்டாம் வகுப்பு, நடுவில் ஒரு பிளைவுட். என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் உங்கள் வாண்டுகளும் சேர்ந்து கத்தும். நீங்கள் தட்டியைத் தட்டி, "டீச்சர், வால்யூமக் கொறைங்க" என்பீர்கள். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், நம் புதுச்சேரிப் பேச்சில் சொல்தா, அண்ணன்கள் எல்லாரும் பிரான்சில். நினைத்திருந்தால் நீங்களும் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அங்க போனா எனக்கு யாரு குட்மார்னிங் மிஸ் சொல்லுவா?" ரெட்டியார்பாளையத்திலிருந்து டெம்போவில் வந்து இறங்கும்போது உங்கள் பையில் எனக்கும் சேர்த்து ஒரு வெண்ணெய் பன் இருக்கும்.

என் வகுப்புச் செல்வியை நான் அடித்த அந்தப் புதன்கிழமையைப் பற்றி நாம் இருவரும் பிறகு நேராகப் பேசியதே இல்லை. பலகையில் இருப்பதைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள் அவள். எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை என்று எனக்குக் கோபம். ஸ்கேலை எடுத்துப் புறங்கையில் நாலு அடி. பிஞ்சுக் கை வீங்கிவிட்டது. அவள் அழுகை கேட்டு நீங்கள் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். அவளைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இது இன்னா எழுத்துடா கண்ணு?" என்றீர்கள். சரியாகச் சொன்னாள். இரண்டு அடி பின்னால் நகர்த்தி இன்னொன்றைக் கேட்டீர்கள். அதையும் சொன்னாள். வகுப்பின் நடுவில் நிறுத்திக் கேட்டபோது கண்ணை இடுக்கிக்கொண்டு, "எங்க மிஸ் எழுத்து இருக்கு?" என்றாள்.

அவள் அடங்காத பிள்ளை இல்லை. பலகையே அவளுக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக என் வகுப்பில் இருந்தவள், எனக்கு அது தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் பாய் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே சுவரில் ஆங்கில எழுத்து அட்டை. பயத்தில் பிள்ளை வாயே திறக்கவில்லை. E எழுத்தைப் பல திசையில் திருப்பிப் போட்ட இன்னொரு அட்டை மூலையில் இருந்தது. "இது எழுத்தில்லடா, சீப்பு. சீப்போட பல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு கையால காட்டு" என்றேன். கடகடவென்று காட்டினாள். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்னப் புள்ளைங்கள வச்சிகிட்டு நாங்க படற பாடு இருக்கே! சாயங்காலத்துல ஒரு மணி நேரம் வந்து போறீங்களாம்மா?" என்றார்.

வருஷக் கடைசியில் பள்ளியை விட்டுவிட்டுப் பாய் கடைக்கே வேலைக்குப் போனேன். சம்பளம் போதவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உங்களுக்குத்தான் உண்மை தெரியும். பலகைப் பக்கம் திரும்பினாலே எனக்கு முதுகு கூசும். எந்தப் பிள்ளை கண்ணைச் சுருக்கினாலும் எழுதுவதை நிறுத்திவிடுவேன். கடைசி நாள் பள்ளி கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்திக் கேட்டீர்கள்: "தப்பு பண்ணா அங்கயே நின்னு சரி பண்ணணும் டீச்சர். கடைல போயி ஒளிஞ்சிக்கறதா?"

"அண்ணனுங்க பிரான்சுலேந்து பணம் அனுப்பறாங்க, நீங்க பேசலாம்" என்றேன். சொன்ன வாய் அப்போதே வெந்துபோயிருக்கலாம். அடுத்த இரண்டு வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை.

வேலை எனக்குப் பிடித்துப்போனது, டீச்சர். முதலில் கவுண்டரில் இருந்தேன், பிறகு பாய் அனுப்பிவைத்து ஒரு வருஷம் படித்து, கண்ணைச் சோதித்துப் பவர் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். முதல்முறையாகக் கண்ணாடி போட்ட பிள்ளை எதிர்க்கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்க்கும் பாருங்கள், அதைத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களிடம் சொல்லத்தான் மனசு அடித்துக்கொள்ளும்.

ஒருநாள் நீங்களே வந்து நின்றீர்கள். சண்டை எதுவும் நடக்காதது மாதிரி, கையில் வெண்ணெய் பன்னோடு. "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புக்குலதான் இப்பல்லாம் எழுத்தச் சின்னதா அடிக்கறானுங்க" என்றீர்கள். அந்தக் கனமான சோதனை ஃப்ரேமை மாட்டிவிட்டு வாசிக்கும் அட்டையைக் கொடுத்தேன். கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்து, பொடி எழுத்து வரியைத் தடதடவென்று ஒப்பித்தீர்கள். உங்களுக்கு முந்திச் சோதனைக்கு உட்கார்ந்தவர் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்!

"டீச்சர், காப்பி அடிக்கறீங்க."

"ஒங்க ஸ்கேலு எங்க? எடுத்துட்டு வாங்க" என்று புறங்கையை நீட்டினீர்கள். நீட்டிய பிறகுதான் நீங்கள் சொன்னது உங்களுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு இரண்டு பேரும் அழுதோம். பாய் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

புறப்படும்போது சொன்னீர்கள்: "கண்ணாடி வாங்க நான் வர மாட்டேன். நீங்களே ஸ்கூலுக்கு எடுத்துகிட்டு வரணும். அப்படியே அந்தச் சீப்பு அட்டையையும் கொண்டாங்க. என் கிளாஸ்ல எத்தினி செல்வி இருக்காங்களோ யாரு கண்டா."

வருகிறேன் என்றேன். நாலு நாளில் கண்ணாடி தயாராகிவிட்டது. வாரங்கள்தான் போயின. பள்ளிக்கு எதிரே இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டீர்கள். "எப்ப வர்றீங்க டீச்சர்?" கடையில் கூட்டம் என்றேன். மழை என்றேன். மூன்றாவது முறை என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. கூட்டமும் இல்லை, மழையும் இல்லை, பயம்தான். ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். உள்ளே இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டில் கை வைத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன். நீங்கள் அப்போது ஐம்பதடி தூரத்தில் இருந்திருப்பீர்கள்.

அதிலிருந்து பத்தாம் நாள் காலையில் உங்களுக்கு நெஞ்சுவலி என்று பாய் கடைக்குப் போன் வந்தது. நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் பெட்டியோடு பள்ளிக்கு வந்தேன். வந்து என்ன பிரயோஜனம்? ஹெச்.எம். அம்மா என்னை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தார். மேஜையில் நீங்கள் கடைசியாகத் திருத்திய நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்ததைப் பிரித்தேன். சிவப்பு மையில் நீங்கள் போட்ட 'ரைட்' குறி எல்லாம் ஒரு வரி கீழே விழுந்திருந்தது. சில மார்ஜினுக்கு வெளியே. ஒரு தப்பான விடைக்கு ரைட், சரியான விடைக்கு ஒன்றுமே இல்லை. ஒன்பது வருஷத்தில் உங்கள் திருத்தத்தில் ஒரு பிசகு நான் பார்த்ததில்லை.

"வேற கடைல வாங்கிக்கங்கன்னு தலப்பாடா அடிச்சிகிட்டேன்" என்றார் ஹெச்.எம். அம்மா. "கேட்டாதான? 'எங்க டீச்சர் கொண்டாந்து தருவாங்க'ன்னு ஒரே பிடிவாதம்."

அவரிடம் அந்த ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்த முதல் வாரம் சீப்பு அட்டையோடு அங்கே போகிறேன். கடைக்கோடி பெஞ்சிலிருந்து ஆரம்பிப்பேன். எந்த வருஷமும் இரண்டு மூன்று செல்விகளாவது இருப்பார்கள். உங்கள் பெட்டியையும் எடுத்துப்போய், திரும்பி வந்ததும் டிராயரின் அடியிலேயே வைப்பேன். நிஜச் செல்வி போன மாதம் ஃப்ரேம் மாற்ற வந்தாள், வளர்ந்துவிட்டாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். அடி வாங்கியது அவளுக்கு நினைவே இல்லை. நீங்கள் அவளைப் பின்னால் பின்னால் நடத்தியது மட்டும் நினைவிருக்கிறது, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது, டீச்சர். நேற்று ராத்திரி உங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு வரியும், அதைத் தவறவிட்ட ஒவ்வொரு குறியும் பளிச்சென்று தெரிந்தது.

டிராயர் இனி இல்லை. பெட்டி என் கைப்பையிலேயே இருக்கும். திங்கள்கிழமை பள்ளி திறக்கிறார்கள். கேட்டைத் தாண்டும்போது வருஷா வருஷம் வாய்க்குள் சொல்லிக்கொள்வதைத்தான் இந்த முறையும் சொல்லப்போகிறேன்.

"கொண்டாந்துட்டேன் டீச்சர்."